ரிப்போர்ட்ல 22% வந்தா காப்பியா? பிளேஜியரிசம் சாஃப்ட்வேர் எதைப் பிடிக்கும், எதை விட்டுவிடும்?

ஆய்வேடு சமர்ப்பிக்கிற நேரம் வந்துவிட்டால் பல்கலைக்கழக ஹாஸ்டல்களில் "எத்தனை பர்சன்ட்?" என்பதுதான் பேச்சு. ஒருத்தருக்கு 9 வந்தால் நிம்மதி. இன்னொருத்தருக்கு 22 வந்தால் அன்றைக்குத் தூக்கம் போச்சு. 10-ஐத் தாண்டினாலே "காப்பி அடிச்சவர்" என்ற முத்திரை விழுந்துவிடும் என்று பயம். அந்தப் பயத்தை வைத்தே ஒரு வியாபாரமும் நடக்கிறது. "பர்சன்டேஜ் குறைத்துத் தரப்படும்" என்று சொல்பவர்களை இணையத்தில் தேடிப் பாருங்கள், வரிசை கட்டி நிற்பார்கள்.

இந்த எண் திருட்டை அளக்கிறது என்றுதான் மாணவர்களும், சில கைடுகளும்கூட நினைக்கிறார்கள். அது அளப்பது வேறு. இந்த வித்தியாசம் தெரியாததால் ஒழுங்காக எழுதியவர் பதறுகிறார், உண்மையாகவே திருடியவர் 8 சதவீதத்தோடு தப்பித்துப் போகிறார். போதாக்குறைக்கு இப்போது "ஏஐ பர்சன்ட்" என்று இன்னொரு எண்ணும் சேர்ந்துவிட்டது. இந்த எண்கள் எப்படி வருகின்றன, விதி என்ன சொல்கிறது, ரிப்போர்ட் மோசமாக வந்தால் என்ன செய்யலாம்? விவரமாகப் பார்க்கலாம்.

அந்த எண் எங்கிருந்து வருகிறது?

நீங்கள் அப்லோடு செய்கிற ஃபைலை சாஃப்ட்வேர் ஒரு ஆசிரியர் படிப்பது போலப் படிப்பதில்லை. வரிகளைச் சின்னச் சின்னத் துண்டுகளாக வெட்டி, ஒவ்வொரு துண்டையும் ஒரு அடையாள எண்ணாக மாற்றிக்கொள்கிறது. கைரேகை மாதிரி. பிறகு தன்னிடம் ஏற்கெனவே இருக்கும் கைரேகைகளோடு ஒப்பிட்டு, எங்கே பொருந்துகிறதோ அங்கே கலர் அடிக்கிறது. மொத்தச் சொற்களில் கலர் அடிபட்ட சொற்கள் எத்தனை பங்கு? அதுதான் அந்த சதவீதம். அவ்வளவுதான்.

ஒப்பிடுவதற்கான சரக்கு பெரும்பாலும் மூன்று இடங்களிலிருந்து வருகிறது: இணையதளங்கள், ஆய்விதழ்கள், இதற்கு முன் மாணவர்கள் அப்லோடு செய்த ஃபைல்கள். உலகம் முழுக்க அதிகம் பேசப்படும் டர்னிட்டின், 1998-ல் கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழக மாணவர்கள் நான்கு பேர் ஆரம்பித்தது. 2019-ல் அதை அட்வான்ஸ் பப்ளிகேஷன்ஸ் என்ற ஊடக நிறுவனம் சுமார் 175 கோடி டாலருக்கு வாங்கியது. மாணவர்கள் எழுதிய பேப்பர்களே அந்த நிறுவனத்தின் பெரிய சொத்துகளில் ஒன்று என்பதை யோசித்தால் கொஞ்சம் வேடிக்கையாகத்தான் இருக்கிறது.

டர்னிட்டின் தன்னுடைய வழிகாட்டிக் குறிப்புகளிலேயே ஒரு விஷயத்தைத் தெளிவாகச் சொல்கிறது: நாங்கள் காட்டுவது ஒற்றுமையை மட்டும்தான், அது திருட்டா இல்லையா என்று பார்த்துச் சொல்ல வேண்டியது ஆசிரியர். ஆனால் ரிப்போர்ட்டின் மேலே பெரிசாக ஒரு எண் நின்றால், கீழே 200 பக்கத்தை யார் புரட்டிப் பார்ப்பது?

அந்த எண்ணும் கல்லில் செதுக்கியது இல்லை. மேற்கோள் குறிக்குள் இருப்பதை விட்டுவிடு, துணைநூல் பட்டியலை விட்டுவிடு, இத்தனை சொற்களுக்குக் குறைவான பொருத்தத்தைக் கணக்கில் எடுக்காதே என்றெல்லாம் செட்டிங் இருக்கிறது. ஒரே ஃபைலை, ஒரே நாளில், செட்டிங்கை மாற்றிப் போட்டால் வேறு வேறு எண் வரும். சட்ட மாணவர் ஒருவர் அரசியலமைப்புப் பிரிவுகளை அப்படியே எழுதியிருப்பார், வேதியியல் மாணவர் சோதனை முறையை எல்லோரும் எழுதுகிற அதே வாக்கியத்தில்தான் எழுதியிருப்பார். இரண்டு பேருடைய பக்கங்களும் கலர் கலராக வரும். இதில் திருட்டு எங்கே இருக்கிறது?

இங்கே ஒரு எச்சரிக்கை. வெளியே யாரோ ஒருவரிடம் கொடுத்து "முன்கூட்டியே செக் பண்ணிக்கலாம்" என்று நினைப்பவர்கள் கவனிக்க வேண்டும். அவர் பயன்படுத்தும் அக்கவுன்ட்டில் "ஃபைலைச் சேமித்து வை" என்ற செட்டிங் ஆன் ஆகி இருந்தால் உங்கள் ஆய்வேடு அந்தச் சேமிப்பில் போய் உட்கார்ந்துவிடும். அடுத்த மாதம் பல்கலைக்கழகம் அதே சாஃப்ட்வேரில் போடும்போது உங்கள் எழுத்து உங்கள் எழுத்தோடு பொருந்தி, 90-க்கு மேல் காட்டும். காசும் போய், விளக்கக் கடிதமும் எழுத வேண்டி வரும். செக் செய்வதாக இருந்தால் பல்கலைக்கழக நூலகம் வழியாகச் செய்வதுதான் பாதுகாப்பு.

இந்தியாவில் விதி என்ன?

பல்கலைக்கழக மானியக் குழு, அதாவது யு.ஜி.சி, 2018 ஜூலையில் பிளேஜியரிசம் தடுப்புக்கென்று தனி ஒழுங்குமுறை விதிகளை அறிவித்தது. அதில்தான் நாம் கேள்விப்படும் அந்த 10 சதவீதக் கோடு இருக்கிறது.

10 சதவீதம் வரை ஒற்றுமை இருந்தால் தண்டனை கிடையாது. 10-க்கு மேல் 40 வரை என்றால் திருத்தி எழுதி மறுபடி சமர்ப்பிக்க வேண்டும், அதற்கு அதிகபட்சம் 6 மாதம். 40-க்கு மேல் 60 வரை போனால் ஒரு வருடத்துக்குத் திருத்திய ஆய்வேட்டைக்கூட சமர்ப்பிக்க முடியாது. 60-ஐத் தாண்டினால் அந்தப் படிப்புக்கான பதிவே ரத்து. ஒருமுறை மாட்டியவர் மறுபடி மாட்டினால் அடுத்த நிலைத் தண்டனை. பட்டம் வாங்கிய பிறகு திருட்டு நிரூபணமானாலும் விடாது, குறிப்பிட்ட காலத்துக்குப் பட்டத்தை நிறுத்தி வைக்கலாம்.

பேராசிரியர்களுக்கும் உண்டு. அவர்கள் வெளியிடும் கட்டுரையில் 60 சதவீதத்துக்கு மேல் என்றால் கட்டுரையைத் திரும்பப் பெற வேண்டும், தொடர்ந்து இரண்டு ஆண்டு இன்க்ரிமென்ட் கிடையாது, மூன்று ஆண்டுகளுக்குப் புதிய ஆய்வு மாணவர்களை எடுக்க முடியாது. மாணவரின் பதிவு ரத்தாகும் அதே அளவுக்கு ஆசிரியருக்கு இதுதான். யாருக்கு எது வலிக்கும் என்பதை நீங்களே ஒப்பிட்டுக்கொள்ளலாம்.

நிறைய பேர் கவனிக்காமல் விடுவது விதியின் விலக்குப் பட்டியலை. உரிய முறையில் பெயர் சொல்லி எடுத்தாண்ட மேற்கோள்கள், துணைநூல் பட்டியல், பொருளடக்கம், முன்னுரை, நன்றியுரை இதெல்லாம் கணக்கில் வராது. பொதுவான கலைச்சொற்கள், சட்டங்கள், வழக்கமான குறியீடுகள், சமன்பாடுகள் வராது. பொது அறிவாக எல்லோருக்கும் தெரிந்தது, தற்செயலாக ஒத்துப்போவது என்ற வகையில் தொடர்ச்சியாக 14 சொற்கள் வரை பொருந்தினாலும் வராது. உங்கள் 22 சதவீதம் இதையெல்லாம் கழித்த பிறகு வந்த 22-ஆ, கழிக்காமல் வந்த 22-ஆ? முதலில் கேட்க வேண்டிய கேள்வி இது.

இன்னொன்று. இந்த விதி முதுகலை, ஆராய்ச்சிப் பட்டங்களுக்கான ஆய்வேடுகளுக்கும் வெளியிடப்படும் கட்டுரைகளுக்கும்தான். அசைன்மென்ட், பிராஜெக்ட் ரிப்போர்ட், தேர்வு விடைத்தாள் இதெல்லாம் இதற்குள் வராது. ஃபைனல் இயர் பிராஜெக்ட்டைக் காசு கொடுத்து வாங்கிச் சமர்ப்பிக்கும் கதை எல்லா என்ஜினீயரிங் கல்லூரிகளிலும் கேட்கிறது. அதை இந்த 10, 40, 60 கணக்கு தொடவே தொடாது. அந்தந்தக் கல்லூரி தன் விதியை வைத்துப் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

சாஃப்ட்வேருக்கு அரசு ஏற்பாடும் இருக்கிறது. குஜராத்தின் காந்திநகரில் இருக்கும் இன்ஃப்ளிப்நெட் என்ற யு.ஜி.சி மையம், 2019 செப்டம்பரில் ஷோத்சுத்தி என்ற திட்டத்தைத் தொடங்கி பல்கலைக்கழகங்களுக்கு சாஃப்ட்வேரை வழங்குகிறது. முதலில் உர்குண்ட் என்ற ஸ்வீடன் நாட்டு சாஃப்ட்வேர், அதுவே பெயர் மாறி ஒரிஜினல், அப்புறம் பெங்களூருவின் டிரில்பிட். நாட்டின் பி.எச்டி ஆய்வேடுகளை ஆன்லைனில் சேர்த்து வைக்கும் ஷோத்கங்காவையும் நடத்துவது இதே மையம்தான்.

10 சதவீதத்தில் என்ன பிரச்னை?

விதியின் பலவீனமான இடம் இதுதான் என்று சொல்ல வேண்டும். சதவீதம் அளவைத்தான் பார்க்கிறது, எதை எடுத்தார்கள் என்று பார்ப்பதில்லை.

ஒரு கணக்கு போடுவோம். 200 பக்க ஆய்வேடு. ஒருவர் முன்னாய்வுகளைப் பற்றிய பகுதியில் அங்கங்கே பழைய வாக்கியங்களின் சாயலில் எழுதி, எல்லாவற்றுக்கும் பெயர் குறிப்பிட்டிருக்கிறார். 20 சதவீதம் காட்டுகிறது. இன்னொருவர் 184 பக்கத்தைச் சொந்தமாக எழுதிவிட்டு, முடிவுரை மொத்தத்தையும், அதாவது 16 பக்கத்தை, வேறொருவரின் ஆய்விலிருந்து அப்படியே தூக்கி வைத்திருக்கிறார். 8 சதவீதம். எண்ணை மட்டும் பார்த்தால் முதலாமவர் ஆறு மாதம் திருத்தி எழுத வேண்டும். இரண்டாமவருக்கு எந்தத் தண்டனையும் இல்லை. ஆய்வில் புதிதாக என்ன கண்டுபிடித்தார்கள் என்று சொல்லும் இடம் முடிவுரைதான். அங்கே திருடினால் மிச்ச 184 பக்கத்துக்கு என்ன மதிப்பு?

ஜீரோ பர்சன்ட் திருட்டு: ஒரு வீடியோ கேம் விமர்சனத்தின் கதை

ஒரு சொல்லைக்கூட அப்படியே எடுக்காமல் திருட முடியுமா? முடியும். இதற்கு நல்ல உதாரணம் பல்கலைக்கழகத்தில் நடந்தது இல்லை, கேமிங் உலகத்தில் நடந்தது.

2018 ஆகஸ்டில் டெட் செல்ஸ் என்ற வீடியோ கேம் வெளியானது. உலகின் பெரிய கேமிங் தளங்களில் ஒன்றான ஐ.ஜி.என் அதற்கு விமர்சனம் போட்டது. அன்றைக்கே பூம்ஸ்டிக் கேமிங் என்ற சின்ன யூடியூப் சேனல் ஒரு வீடியோவை வெளியிட்டது. ஜூலை மாதமே அந்த சேனல் போட்டிருந்த விமர்சனத்தையும் ஐ.ஜி.என் விமர்சனத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார்கள். சொற்கள் மாறியிருந்தன. ஆனால் எந்தக் கருத்துக்குப் பிறகு எந்தக் கருத்து, எந்த இடத்தில் எந்த ஒப்பீடு, வாக்கியம் எப்படித் தொடங்கி எப்படி முடிகிறது என்பதெல்லாம் வரிசை மாறாமல் அப்படியே இருந்தது. பார்த்த யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

ஐ.ஜி.என் விமர்சனத்தை உடனே நீக்கியது. மறுநாள் அதை எழுதிய ஆசிரியரை வேலையிலிருந்து அனுப்பியது. அவர் "வேண்டுமென்று செய்யவில்லை" என்று வீடியோ போட்டு, இன்னும் தேடிப் பாருங்கள் என்று சவால்விட்டார். தேடினார்கள். அவருடைய பழைய எழுத்துகளிலும் இதே மாதிரி ஒற்றுமைகள் வெளியே வந்தன, அவற்றையும் ஐ.ஜி.என் நீக்கியது.

சொல்லுக்குச் சொல் பொருத்தம் தேடும் சாஃப்ட்வேரிடம் அந்த விமர்சனத்தைக் கொடுத்திருந்தால் பெரிதாக எதுவும் சிக்கியிருக்காது. கண்டுபிடித்தது, தான் எழுதியதை ஞாபகம் வைத்திருந்த ஒரு மனிதர்.

ஜெர்மனியில் 2011-ல் நடந்ததும் கிட்டத்தட்ட இப்படித்தான். பாதுகாப்பு அமைச்சராக இருந்த கார்ல் தியோடர் சூ குட்டன்பெர்க்கின் முனைவர் பட்ட ஆய்வேட்டில் திருட்டு இருக்கிறது என்று ஒரு சட்டப் பேராசிரியர் நூல் மதிப்புரை எழுதும்போது கவனித்தார். அதன் பிறகு முகம் தெரியாத தன்னார்வலர்கள் இணையத்தில் ஒன்று சேர்ந்து பக்கம் பக்கமாக மூலத்தைத் தேடி எடுத்தார்கள். 90 சதவீதத்துக்கும் அதிகமான பக்கங்களில் பிறர் எழுத்து இருந்தது. பேராய்ட் பல்கலைக்கழகம் பிப்ரவரியில் பட்டத்தைப் பறித்தது, மார்ச் 1-ம் தேதி அமைச்சர் பதவி விலகினார்.

எண்ணைக் குறைக்கப் போய் வந்த வினை

10-க்குக் கீழே வர வேண்டும் என்பதே குறிக்கோள் ஆகிவிட்டால் மாணவர் என்ன செய்வார்? மூலத்தைச் சொல்லி மேற்கோள் காட்டுவதைவிட சொல்லை மாற்றுவது சுலபம். வாக்கியத்தை உள்ளே போட்டால் வேறு சொற்களில் திருப்பித் தரும் டூல்கள் இலவசமாகவே கிடைக்கின்றன.

அதன் விளைவைக் கண்டுபிடித்துக் காட்டியவர்கள் கியோம் கபனாக், சிரில் லாபே, அலெக்ஸாண்டர் மகாசினோவ் என்ற மூன்று ஆய்வாளர்கள். 2021-ல் அவர்கள் வெளியிட்ட ஆய்வில், அச்சான அறிவியல் கட்டுரைகளில் வினோதமான சொற்கள் கொட்டிக் கிடப்பதைக் காட்டினார்கள். ஆங்கிலத்தில் வந்த அவற்றைத் தமிழில் சொன்னால் இப்படி இருக்கும்: "செயற்கை நுண்ணறிவு" என்று இருக்க வேண்டிய இடத்தில் "போலி நனவு". "பெருந்தரவு" என்பதற்கு "பிரம்மாண்டத் தகவல்". "மார்பகப் புற்றுநோய்" என்பதற்கு "நெஞ்சக அபாயம்". சொல் மாற்றும் டூலுக்குக் கலைச்சொல் எது, சாதாரணச் சொல் எது என்று தெரியாது. எல்லாவற்றுக்கும் அகராதியிலிருந்து ஒரு பதிலைப் பிடித்துப் போட்டுவிடும். இவற்றுக்கு அவர்கள் வைத்த பெயர் "சித்திரவதைக்கு உள்ளான சொற்றொடர்கள்". சிரிப்பு வரத்தான் செய்கிறது. ஆனால் புற்றுநோய் பற்றிய கட்டுரையில் நோயின் பெயரே இல்லை என்றால், அதைப் படித்துப் பார்த்து ஓகே சொன்னது யார்?

தமிழ் ஆய்வேடுகளை இந்த சாஃப்ட்வேர் பிடிக்குமா?

இந்தக் கேள்வியைத் தனியாகவே பார்க்க வேண்டியிருக்கிறது. இங்கே சிக்கல்கள் வேறு மாதிரி.

முதலாவது ஃபான்ட். யூனிகோடு பரவலாவதற்கு முன்னால் தமிழ் ஆய்வேடுகள் பாமினி போன்ற பழைய ஃபான்ட்களில்தான் டைப் ஆயின. இன்றைக்கும் டி.டி.பி சென்டர்களில் அது ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. பாமினியில் திரையில் தெரிவது தமிழ். கம்ப்யூட்டருக்குள் இருப்பது ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும் கலந்த ஒரு குழப்பம். "அம்மா" என்று நீங்கள் பார்ப்பதை அது நான்கைந்து ஆங்கிலக் குறிகளாகத்தான் வைத்திருக்கும். அப்படிப்பட்ட ஃபைலை, மாற்றி எடுக்காமல், யூனிகோடில் இருக்கும் இணையப் பக்கத்தோடு ஒப்பிட்டால் ஒரு சொல்கூடப் பொருந்தாது. ஒரு புத்தகத்தை முழுசாக டைப் செய்து கொடுத்திருந்தாலும் ஜீரோதான். ஸ்கேன் செய்து படமாக ஏற்றிய பழைய ஆய்வேடுகளுக்கும் இதே கதி, அவற்றைப் படிக்க எழுத்துணரி மென்பொருள் வேண்டும்.

இரண்டாவது நம்ம மொழியின் அமைப்பு. ஆங்கிலத்தில் தனித்தனிச் சொல்லாக நிற்பதெல்லாம் தமிழில் ஒரே சொல்லோடு ஒட்டிக்கொள்ளும். "எழுதினார்" என்பதை "எழுதியிருக்கிறார்" என்று மாற்றினால் சாஃப்ட்வேருக்கு அது வேறு சொல். ஒற்று மிகுவதும் மிகாததும், சேர்த்து எழுதுவதும் பிரித்து எழுதுவதும்கூட பொருத்தத்தைக் கெடுத்துவிடலாம்.

மூன்றாவது இதற்கு நேர் எதிர். சங்க இலக்கியத்திலோ திருக்குறளிலோ ஆய்வு செய்பவர் பக்கத்துக்கு நான்கு பாடல் மேற்கோள் காட்டத்தான் வேண்டும். பாடலை மேற்கோள் குறி இல்லாமல் நடுவில் தனியாக அமைப்பது தமிழ் அச்சு மரபு. சாஃப்ட்வேர் அதை மேற்கோள் என்று புரிந்துகொள்ளாமல் காப்பிக் கணக்கில் சேர்க்க வாய்ப்பு உண்டு. ஆக, தமிழ் ஆய்வேட்டில் திருடியவருக்கு ஜீரோவும், ஒழுங்காக மேற்கோள் காட்டியவருக்கு 30-ம் வரலாம்.

மொழிபெயர்ப்புத் திருட்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆங்கிலக் கட்டுரையைத் தமிழாக்கி மூலத்தைச் சொல்லாமல் கொடுத்தால், சொற்பொருத்தம் மட்டும் தேடும் சாஃப்ட்வேருக்கு அது புத்தம் புதிய எழுத்து. அந்தத் துறையின் ஆங்கில நூல்களைப் படித்த ஆசிரியர் ஒருவர் பார்த்தால்தான் உண்டு.

தமிழ் படித்தவர்களுக்கு இதில் ஒரு விஷயம் ஞாபகம் வரும். தொல்காப்பியம் வழிநூலின் வகைகளில் ஒன்றாக மொழிபெயர்ப்பையும் வைக்கிறது. ஒரு நூலின் சிறப்புப் பாயிரத்தில் சொல்லியாக வேண்டிய எட்டு செய்திகளில் "வழி" ஒன்று என்கிறது நன்னூல். அதாவது இந்த நூல் எதிலிருந்து வந்தது என்பதை முன்னாலேயே சொல்லிவிட வேண்டும். எத்தனை சதவீதம் என்று கேட்கவில்லை, எங்கிருந்து என்று கேட்டிருக்கிறார்கள்.

கோடு எழுதுபவர்களுக்கு?

கம்ப்யூட்டர் சயின்ஸ் மாணவர்கள் சிலர் வேரியபிள் பெயரை மாற்றிவிட்டால் கண்டுபிடிக்க முடியாது என்று நினைக்கிறார்கள். 1994-லேயே அலெக்ஸ் ஐக்கன் உருவாக்கிய மாஸ் என்ற சிஸ்டம் இதற்கென்றே இருக்கிறது. பெயர், இடைவெளி, கமென்ட் எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டு புரோகிராமின் அமைப்பை ஒப்பிடும். ஆனால் அதுவும் "இவர் திருடினார்" என்று சொல்லாது. இந்த இரண்டு ஃபைலையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள் என்று மட்டும் சொல்லும்.

"ஏஐ எழுதியது" என்று ரிப்போர்ட் வந்தால் நம்பலாமா?

2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்த பிறகு விஷயம் இன்னும் சிக்கலாகிவிட்டது. சாதாரண ஒற்றுமை ரிப்போர்ட்டில் குறைந்தபட்சம் ஒரு சாட்சி இருக்கும். இந்த வரி இந்த இணையதளத்தில் இருக்கிறது என்று லிங்க் கொடுக்கும், போய்ப் பார்க்கலாம். ஏஐ டிடெக்டரில் அப்படி எந்த மூலமும் கிடையாது. ஒரு சொல்லுக்குப் பிறகு அடுத்த சொல் எந்த அளவுக்கு எதிர்பார்த்தபடி வருகிறது என்பதை வைத்து "இது மெஷின் எழுதியது மாதிரி இருக்கிறது" என்று ஊகிக்கும். அவ்வளவே. அமெரிக்க அரசியலமைப்புச் சட்டத்தையே ஏஐ எழுதியது என்று டிடெக்டர் காட்டியது 2023-ல் செய்தியானது.

சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓபன்ஏஐ நிறுவனமே 2023 ஜனவரியில் ஒரு டிடெக்டரை வெளியிட்டது. ஏஐ எழுதியதில் 26 சதவீதத்தைத்தான் அது சரியாகப் பிடித்தது, மனிதர் எழுதியதில் 9 சதவீதத்தைத் தவறாக ஏஐ என்றது. துல்லியம் போதவில்லை என்று ஜூலையில் அவர்களே மூடிவிட்டார்கள்.

டர்னிட்டினின் டிடெக்டர் 2023 ஏப்ரலில் வந்தது. தவறாகக் குற்றம்சாட்டுவது 1 சதவீதத்துக்கும் குறைவு என்றார்கள். 1 சதவீதம் என்பது கேட்க சின்னது. அமெரிக்காவின் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகம் ஒரு கணக்கு போட்டது: 2022-ல் தங்களிடம் வந்த பேப்பர்கள் 75,000, அதில் 1 சதவீதம் என்றால் 750 பேப்பர்கள் மீது வீண் பழி. அந்த ஆகஸ்டிலேயே டிடெக்டரை நிறுத்திவிட்டது.

நமக்கு நேராகச் சம்பந்தப்பட்ட விஷயம் ஒன்று இருக்கிறது. ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் 2023-ல், ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாதவர்கள் டோஃபெல் தேர்வுக்காக எழுதிய 91 கட்டுரைகளை ஏழு டிடெக்டர்களில் போட்டுப் பார்த்தார்கள். எல்லாமே மனிதர்கள் எழுதியவை. சராசரியாக 61 சதவீதம் "ஏஐ" என்று வந்தது. அமெரிக்க எட்டாம் வகுப்புப் பிள்ளைகளின் கட்டுரைகளில் இந்தத் தவறு கிட்டத்தட்ட இல்லை. காரணம் எளிது. இரண்டாம் மொழியில் எழுதுபவர்கள் தெரிந்த சொற்களை, பாதுகாப்பான வாக்கியங்களில் எழுதுவார்கள். டிடெக்டர் தேடுவதும் அந்த எளிமையைத்தான். இதில் கொடுமை என்னவென்றால், அதே டோஃபெல் கட்டுரைகளைச் சாட்ஜிபிடியிடம் கொடுத்து சொற்களை மெருகேற்றச் சொன்ன பிறகு தவறான குற்றச்சாட்டு 61-லிருந்து 12 சதவீதம் அளவுக்கு இறங்கியது. சொந்தமாக எழுதியவர் மாட்டுகிறார், ஏஐ-யிடம் கொடுத்து வாங்கியவர் தப்பிக்கிறார். தமிழ் மீடியத்தில் படித்துவிட்டு ஆங்கிலத்தில் ஆய்வேடு எழுதும் மாணவரை நினைத்துப் பாருங்கள்.

2023 மே மாதம் அமெரிக்காவின் டெக்சாஸில் ஒரு ஆசிரியர் இன்னும் ஒரு படி மேலே போனார். மாணவர்களின் கட்டுரைகளைச் சாட்ஜிபிடியிடமே கொடுத்து "இதை நீயா எழுதினாய்?" என்று கேட்டிருக்கிறார். அது ஆமாம் என்றது. சாட்ஜிபிடிக்கு அப்படி எந்த ஞாபகமும் கிடையாது, கேட்டால் எதையாவது சொல்லும். ஆனால் பட்டம் வாங்க வேண்டிய நேரத்தில் சில மாணவர்கள் தங்களை நிரூபிக்க அலைய வேண்டியதாயிற்று.

இந்தியாவிலும் வழக்கு வந்தது. தேர்வு விடையில் 88 சதவீதம் ஏஐ என்று சொல்லித் தன்னை ஃபெயில் ஆக்கியதை எதிர்த்து, ஹரியானாவின் ஜிண்டால் பல்கலைக்கழக எல்.எல்.எம் மாணவர் ஒருவர் 2024-ல் பஞ்சாப்-ஹரியானா உயர் நீதிமன்றத்துக்குப் போனார். அவரைப் பாஸ் செய்துவிட்டதாகப் பல்கலைக்கழகம் தெரிவித்ததால் வழக்கு முடித்துவைக்கப்பட்டது. டிடெக்டர் ரிப்போர்ட் சாட்சியமாகுமா என்ற பெரிய கேள்வி அப்படியே நின்றுவிட்டது.

ஒன்றைக் குறித்துக்கொள்ளுங்கள். யு.ஜி.சி-யின் 2018 விதி எழுதப்பட்டபோது சாட்ஜிபிடி கிடையாது. அந்த 10, 40, 60 கோடுகள் ஒற்றுமை சதவீதத்துக்கானவை. ஏஐ சதவீதத்தை எடுத்து அந்தக் கோடுகளில் பொருத்திப் பார்க்க அந்த விதியில் இடமில்லை.

ரிப்போர்ட் மோசமாக வந்தால் என்ன செய்வது?

எண்ணை மட்டும் சொன்னால் ஏற்றுக்கொள்ளாமல் முழு ரிப்போர்ட்டையும் கேளுங்கள். எந்தப் பக்கம், எந்த மூலத்தோடு பொருந்துகிறது என்பது அதில் இருக்கும். ஒரே மூலத்திலிருந்து 6 சதவீதம் வந்திருந்தால் அதுதான் கவலைப்பட வேண்டிய இடம், உட்கார்ந்து பாருங்கள். ஐம்பது இடங்களிலிருந்து அரை அரை சதவீதமாக வந்திருந்தால் பெரும்பாலும் வழக்கமான சொற்றொடர்கள்தான். மேற்கோள், துணைநூல் பட்டியல் விலக்கும் செட்டிங் போடப்பட்டதா என்று கேளுங்கள். பொருந்தியது நீங்களே முன்பு வெளியிட்ட கட்டுரை என்றால் அதைக் கைடு மூலம் எழுத்தில் தெரிவித்துவிடுங்கள்.

ஏஐ குற்றச்சாட்டுக்கு உதவுவது ஒன்றுதான்: எழுதிய தடயம். கூகுள் டாக்ஸில் எழுதினால் எந்த நாள் என்ன மாற்றினீர்கள் என்ற வெர்ஷன் வரலாறு இருக்கும். வேர்டில் எழுதுபவர்கள் அத்தியாயத்துக்கு ஒரு ஃபைல் என்று தேதி போட்டுச் சேமித்து வையுங்கள். கையால் எழுதிய குறிப்பு நோட்டு, நூலகத்தில் எடுத்த ஜெராக்ஸ், கைடு திருத்திக் கொடுத்த தாள் எதையும் பட்டம் வாங்கும்வரை பழைய பேப்பர் கடைக்குப் போட வேண்டாம்.

புகார் என்று வந்தால் துறை அளவில் ஒரு குழு, அதற்கு மேல் நிறுவன அளவில் ஒரு குழு என்று இரண்டு கட்டம் விதியில் இருக்கிறது. ஒவ்வொன்றும் 45 நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். துறைக் குழுவில் வேறு துறையைச் சேர்ந்த ஒரு மூத்த பேராசிரியரும், இந்த சாஃப்ட்வேர்களைப் பற்றி நன்றாகத் தெரிந்த ஒருவரும் இருக்க வேண்டும். அந்த இரண்டாவது ஆளிடம்தான் செட்டிங் பற்றியும் ஃபான்ட் பற்றியும் கேள்வி கேட்க வேண்டும். ஆய்வேட்டில் திருட்டு இல்லை என்று சான்றிதழில் கையெழுத்துப் போட்டவர் கைடு, அதனால் அவரும் பதில் சொல்ல வேண்டியவர்தான்.

தண்டனை எப்போது கொடுக்கலாம் என்பதையும் அதே விதி சொல்கிறது. தவறு சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபிக்கப்பட்டிருக்க வேண்டும், மேல்முறையீட்டு வழிகள் எல்லாம் முடிந்திருக்க வேண்டும், சம்பந்தப்பட்டவர் தன் பக்கத்தைச் சொல்லப் போதுமான வாய்ப்பு கொடுத்திருக்க வேண்டும். துறை அலுவலகத்தில் ரிப்போர்ட்டின் முதல் பக்கத்தை மட்டும் காட்டி "22 வந்திருக்கு, கையெழுத்துப் போடு" என்று யாராவது சொன்னால், இந்த விதியின் பிரதியை யு.ஜி.சி இணையதளத்திலிருந்து இறக்கிக் கையில் வைத்துக்கொண்டு பேசலாம்.